பூட்டிய வீட்டின் வெள்ளிக்கிழமைகள்

“வெள்ளி மாலை, மூன்றாம் மாடி. முதலில் படிக்கட்டை ஒட்டிய வீடு, பிறகு அடுத்த வீடு, பிறகு அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு சுவரும் சற்றுச் சாய்ந்து, சிறிது நேரத்தில் நிமிர்ந்திருக்கிறது. காற்று இல்லை. மழை இல்லை. யாரோ வீடு வீடாகப் போய்ச் சுவருக்குத் தோள் கொடுத்துப் பார்த்ததுபோல் இருக்கிறது.”

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கு மறுநாள் நான் எழுதிய களக்குறிப்பு இது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தந்திருக்கிறேன். கடைசி வரியை எங்கள் விரிவுரையாளர் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘இது அளவீடு அல்ல’ என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான். எதை எழுதினாலும் நாள், கிழமை, வானிலை, நான் பார்த்ததா அல்லது கேட்டதா என்று குறித்துக்கொள்வது பள்ளி நாளிலிருந்து எனக்குப் பழக்கம். இங்கே ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். ஆண்டைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்காரர்களுக்குக் கட்டடம் எது என்று தெரிந்துவிடும். அதில் குடியிருந்தவர்கள் அதை விரும்பமாட்டார்கள்.

அப்போது நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வீடு கிள்ளானில். புறநகர்க் கொமுட்டர் ரயிலில்தான் போக்குவரத்து. வகுப்பில் பேச்செல்லாம் இன்டர்ன்ஷிப் பற்றித்தான் இருக்கும். யாருடைய மாமா எந்தக் கம்பெனியில் இருக்கிறார், எந்தக் கம்பெனி மூன்று மாதமும் போட்டோஸ்டாட் எடுக்க மட்டும் விடும், எது உண்மையில் தளத்துக்கு அனுப்பும் என்று. எனக்கு மாமா யாரும் இல்லை. ஆராய்ச்சிக் குழு எதிலாவது சேர்ந்தால் பரிந்துரைக் கடிதமாவது கிடைக்கும் என்று ஒரு சீனியர் சொன்னதால், விரிவுரையாளர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

பிறகு ஒருவருடைய கட்டுரையை உட்கார்ந்து படித்தேன். பழைய கட்டடங்களின் அசைவை அளப்பது பற்றியது. அதில் ஒரு வரைபடம் பக்கத்தின் நடுவிலேயே சட்டென்று நின்றுபோயிருந்தது. கோடு அங்கே ஏன் நிற்கிறது என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது. “பேட்டரி தீர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்டதில்லை. உனக்குப் பேட்டரி மாற்றத் தெரியுமா?”

ஆராய்ச்சிக்குள் நான் நுழைந்தது அப்படித்தான். அவர் மலாய்க்காரர், குறைவாகப் பேசுபவர். அவரிடம் முதுகலை செய்துகொண்டிருந்த சுபாங் ஜெயாத் தமிழர் ஒருவர்தான் எனக்கு மேலாள். நான் அவரை அண்ணே என்பேன். பேட்டரி மாற்றுவது, கேபிள் கட்டுவது, சுவர்ச் சாய்வை அளக்கும் பெட்டிகளில் எண் ஒட்டுவது, வாரம் ஒருமுறை பதிவுகளை இறக்கிப் படமாக வரைவது என் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் ஆய்வகத்துச் சாவி ஒன்று கொடுத்தார்கள். அதை நான் வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன்.

நாங்கள் அளந்த கட்டடம் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய பழைய அடுக்குமாடி. பக்கத்து நிலத்தில் உயரக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தூண் இறக்கத் தொடங்கியதும் இதன் சுவர்களில் வெடிப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி மாற்று வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை பொறுக்காமல் பெரும்பாலோர் வாடகை அறைகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது ஒரே குடும்பம். மூன்றாம் மாடியில் ஓர் அக்காவும் தம்பியும். அக்கா ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சாப்பாட்டுக்கும், கோயிலுக்கும் துணையில்லாமல் நடப்பவர். அந்தப் பேட்டையை அவர் காலாலும் காதாலும் படித்து வைத்திருந்தார்.

எங்கள் அறிக்கையைப் பொறுத்து ஒன்று நடக்க இருந்தது. சுவர் அசையவில்லை என்றால் மாற்று வீடு தயாராகும்வரை இருவரும் அங்கேயே இருக்கலாம். அசைகிறது என்றால் உடனே காலி செய்து, தூரத்துப் பூச்சோங்கில் குடியிருப்பு நிர்வாகம் எடுத்து வைத்திருந்த தற்காலிக வீட்டுக்குப் போகவேண்டும். பூச்சோங்கில் அந்தத் தம்பி வாசலைத் தாண்டமாட்டார். வேலையும் போய்விடும். அக்காவே என்னிடம் முதல் நாள் சொன்னார்: “அங்க போனா அவன் குருடன் ஆயிடுவான்மா. இங்க அவன் குருடன் இல்ல.”

அறிக்கை ஆடி முடிவதற்குள் போகவேண்டும். அப்போதுதான் சுவர்கள் வெள்ளிக்கிழமைகளில் சாயத் தொடங்கின.

“கட்டடம் ஆடி வெள்ளி விரதம் இருக்கு போல லா,” என்றார் அண்ணன், திரையைப் பார்த்து. “சாய்ஞ்சு கும்பிட்டுட்டு எந்திரிக்குது.”

“சிரிக்காதீங்க அண்ணே. நம்ம லெக்சரர் இத அப்படியே அனுப்பினா அவங்க ரெண்டு பேரும் காலி.”

“ரயில் அதிர்வா இருக்குமோ?”

“ரயில் தினம் ஓடுது. இது வெள்ளிக்கிழமை மட்டும்தான் நடக்குது. அதோட ஒரு வீடு முடிஞ்சுதான் அடுத்த வீடு. ரயில் அப்படி ஒவ்வொரு வீடா நின்னு போகுமா?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். படத்தில் அந்த மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, சீரான இடைவெளியில் தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போயின. நடக்கிற ஒருவரின் வேகம் அதில் இருந்தது. அக்கா வீட்டைத் தவிர அந்த வீடுகள் எல்லாம் காலி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மூன்றாம் வெள்ளி பொழுது சாயும் நேரத்தில் நான் எதிர்ச்சாரியில் பூக்கடை ஓரமாக நின்றேன். மழை வந்து ஓய்ந்திருந்தது. கட்டடத்தில் மின்சாரம் அக்கா வீட்டுக்கு மட்டும்தான். மற்ற ஜன்னல்கள் அகற்றப்பட்டு வெறும் சதுரங்களாக இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தபோது, படிக்கட்டை ஒட்டிய சதுரம் மங்கலான மஞ்சளாக மாறியது. சற்றுப் பொறுத்து அதற்கடுத்தது. பிறகு அடுத்தது. ஆள் யாரும் தென்படவில்லை. பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்தாமலே, “என்ன தங்கச்சி, வீடு பாக்குறியா? அங்க இப்ப வாடகைக்கு ஆவிதான் இருக்கு,” என்றார்.

மேலே ஏறினேன். பயமில்லை என்று எழுதினால் பொய்யாகும். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் கால் வைத்ததும் ஒரு திறந்த வாசலிலிருந்து வெளிச்சமும் இரண்டு நிழல்களும் வந்தன.

“யாரது?” என்றது பெண் குரல்.

“நான்தான் ஆன்டி. பெட்டி பாக்க வர்ற பொண்ணு.”

“பேய் மாதிரி வந்து நிக்கிறியேமா! எண்ணெயெல்லாம் கொட்டியிருப்பேன்.”

“பேய் இப்படி மூச்சு வாங்காதுக்கா,” என்றார் பின்னால் நின்ற தம்பி. “படி ஏறி வந்த பொண்ணுதான்.”

அக்கா கையில் எண்ணெய்ப் போத்தலும் திரியும், தம்பி கையில் தீப்பெட்டியும் இருந்தன. காலி செய்து போன ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் அகல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போனவர்கள் சாவியை அக்காவிடம் கொடுத்து, ஆடி வெள்ளிக்கு மட்டுமாவது ஏற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார்களாம்.

“அவங்க போயிட்டாங்கள்ல ஆன்டி?”

“எங்கமா போனாங்க? ரூமுக்குப் போயிருக்காங்க. ரூம் வீடாகுமா? புது வீட்டுல பால் காய்ச்சுற வரைக்கும் இதுதான் வீடு. வீட்ட இருட்டுல போட முடியுமா?”

உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கூடத்துச் சுவரோடு சேர்த்து ஒரு சிறு சிமெண்ட் பலகை கட்டியிருந்தார்கள். சாமிமேடை. படங்களை எடுத்துப்போன பிறகும் பலகை சுவரிலேயே இருந்தது. எங்கள் சாய்வுமானிப் பெட்டி அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியை உரசிக்கொண்டு அகல் எரிந்தது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அந்தக் கருவி பிசகும். சூட்டைச் சாய்வு என்று சொல்லும். உள்ளே வெப்பமானி உண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, அது காலையில் ஒரு தடவை மட்டும் அளக்கும்படி வைத்திருந்தோம்.

“சாமி இருந்த எடத்துல பெட்டிய ஒட்டினது யாரு?” என்றார் அக்கா.

“எங்க சீனியர். ஸ்க்ரூ அடிக்க வேணாம், பலக ரெடியா இருக்குன்னு…”

“தமிழரா?”

“தமிழர்தான் ஆன்டி. சுபாங் ஜெயா.”

“அதானே,” என்றார், எல்லாம் விளங்கிவிட்டதுபோல்.

விளக்குச் சூட்டில் சுவர் சாய்வதாகப் பதிவாகிறது என்று நான் விளக்கியதும் அவர் முகம் மாறியது. போத்தலைக் கீழே வைத்தார். “அப்ப நான் ஏத்துன விளக்கே எங்கள பூச்சோங்குக்குத் தள்ளப் பாத்துச்சா?”

“தள்ளாது ஆன்டி. அடுத்த வெள்ளி மட்டும் வாசப்படியில ஏத்துங்க. சுவர் அசையாம இருந்தா அதையே எழுதிடுவோம்.”

“வாசல்ல வைக்கலாம்,” என்றார் தம்பி. “எனக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்.” அக்கா அவர் முதுகில் தட்டினார்.

இறங்கும்போது ஞாபகம் வந்து கேட்டேன்: “கடைசியா எந்த வீட்டுல ஏத்துவீங்க?”

“எங்க வீட்டுல.”

“அதுக்கும் அந்தப் பக்கம், கோடி வீட்டுல?”

“அங்கயா? உள்ள மேக்கூரப் பூச்சு பேந்து விழுந்ததுல இருந்து வாசலுக்குத் தகரம் வச்சு வெல்டிங் பண்ணிட்டாங்க. ஜன்னலுக்கும்தான். அதோட அந்த வீட்டுக்காரர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போறவர். அகல் ஏத்துற வீடு இல்ல அது. சிக்னல் வேல பாத்த மனுஷன், கல்யாணம் பண்ணல. கிள்ளான்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார்னாங்க.”

தம்பி கோடி வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பதிவில் ஒவ்வொரு வெள்ளியும் கடைசியாகச் சாய்ந்தது கோடி வீடு. தகரம் அடிப்பதற்கு முன்பே அண்ணன் அங்கே ஒரு பெட்டி வைத்திருந்தார், மாதா சுரூபம் இருந்த பலகையில். அது ரேடியோ வழியாகப் பதிவை அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் அதைச் சொல்லாமல் ரயிலைப் பிடித்தேன்.

நான்காம் வெள்ளி எல்லா அகல்களும் வாசப்படியில் எரிந்தன. மறுநாள் படம் வரைந்தபோது எல்லா வீட்டுக் கோடுகளும் கம்பி இழுத்ததுபோல் நேராக இருந்தன. கோடி வீட்டுக் கோடு மட்டும், மற்றவை முடிந்த பிறகு வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் இறங்கியிருந்தது.

“எலி,” என்றார் அண்ணன்.

“வெள்ளிக்கிழமை எலியா?”

“பின்ன என்னங்கிற?” அவர் குரலில் கேலி இல்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் வெப்பநிலையை அடிக்கடி அளக்கும்படி புதிய கட்டளை அனுப்பினார். கோடி வீட்டுப் பெட்டி மட்டும் அதை ஏற்கவில்லை. தகரம் தடுத்திருக்கலாம்.

தகரத்தை அறுத்துத் திறக்க முடியுமா என்று விரிவுரையாளர் நிர்வாகத்தைக் கேட்டார். ஒப்பந்ததாரர் வருவதற்கு அறிக்கைத் தேதி தாண்டிவிடும் என்று பதில் வந்தது. விளங்காத ஒரு வீடு இருக்கும்போது தளம் முழுவதும் பத்திரம் என்று அவரால் கையெழுத்துப் போட முடியாது. அவர் என்னை உட்காரவைத்து, கோடி வீட்டுத் தாழ்வாரச் சுவரில் உள்ள கண்ணாடித் துண்டைப் பற்றி ஞாபகப்படுத்தினார். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடியைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவது பழைய முறை. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கடைசி வெள்ளி, பெட்டி சாயும் நேரத்தில் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். அதில் அந்த இருவர் இருப்பதும் போவதும் தீர்மானமாகும்.

ஆடியின் கடைசி வெள்ளி வானம் தெளிவாக இருந்தது. அக்கா வாசப்படிகளில் ஏற்றிக்கொண்டு வர, நான் கோடி வீட்டுச் சுவர் முன்னால் கைவிளக்குடன் நின்றேன். அண்ணன் ஆய்வகத்தில் திரைமுன் உட்கார்ந்து போனில் இருந்தார். தம்பி வேலை முடிந்து வந்தவர், கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டு, சுவரில் விரல் படாமலே நடந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தகரத்தை நோக்கித் திரும்பி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“குட் ஈவ்னிங் அண்ணே,” என்றார்.

நான் மூச்சுவிடவில்லை. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு யாரோ பதில் சொன்னதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

போனில் அண்ணன், “ஏறுது,” என்றார். “இப்ப ஏறுது.”

கண்ணாடியில் வெளிச்சத்தைப் பிடித்தேன். முழுதாக இருந்தது. விளிம்பு முதல் விளிம்பு வரை பார்த்தேன், கீறல்கூட இல்லை. தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. ஆனால் இடுக்கில் ஒரு வாசனை வந்தது. கரண்ட் போன வீட்டில், ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது என்று எழுதினால் பொய். தாழ்வாரத்தில் இன்னும் பகல் மிச்சம் இருந்தது, அதனால் தெரியவில்லை என்றும் உறுதியாக எழுத முடியாது.

“குரல் கேட்டுச்சா அங்கிள்?” என்றேன்.

“குரல் இல்லமா. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தர் மூச்ச இழுப்பாங்கல்ல? அது மட்டும். முந்தி நான் வேல முடிஞ்சு வரப்ப வெள்ளிக்கிழமையானா உள்ள செபமால சொல்லிட்டு இருப்பார். நான் குட் ஈவ்னிங் சொன்னா நிறுத்திட்டு, ‘குட் ஈவ்னிங் தம்பி, பாத்துப் போ’ம்பார். என்னப் பாத்துப் போகச் சொல்ற ஒரே ஆளு.” சிரித்தார்.

“ஆன்டிகிட்ட சொன்னீங்களா?”

“அவ பயந்தா, போயிடலாம்பா. அப்புறம் நான் எங்க நடக்குறது?”

சனிக்கிழமை நான் எழுதிக் கொடுத்ததில் கண்ணாடி இருந்தது, வாசனை இருந்தது, குட் ஈவ்னிங்கும் இருந்தது. விரிவுரையாளர் இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். வேறு கிழமையில் அந்தச் சுவர் ஒருதடவையாவது அசைந்திருக்கிறதா? இல்லை என்றேன். விழப்போகிற சுவருக்குக் கிழமை தெரியாது என்றார். கண்ணாடி உடையவில்லை, அதனால் நகர்ந்தது சுவரல்ல. பெட்டியின் ஒரு பக்கம் சூடேறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்கவேண்டும். வெல்டிங் வைத்து மூடிய வீட்டுக்குள் சூடு எப்படி வரும்? பிறகு கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் கோடி வீட்டுக்கு ஒரு வரி: ‘பதிவு கணக்கில் சேர்க்கப்படவில்லை, காரணம் தெரியவில்லை.’

அக்காவும் தம்பியும் இருந்துவிட்டார்கள்.

எனக்கு அவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். சுபாங் ஜெயாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. நேர்காணலில் ஆராய்ச்சியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். அகல்விளக்குக் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். கோடி வீட்டைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது கற்றுக்கொண்டதைத்தான்.

வார நாளில் அந்த நிறுவனத்துக்கு வேலைக்குப் போனாலும் பழைய பதிவுகளை மாதம் ஒருமுறை நானே இறக்கினேன். ஆடி முடிந்து அகல்கள் நின்ற பிறகும் கோடி வீட்டுக் கோடு வெள்ளிதோறும் எழுந்து இறங்கியது. மற்ற பெட்டிகளுக்கெல்லாம் பேட்டரி மாற்றினேன். அதற்கு மட்டும் முடியவில்லை.

மார்கழி கடைசியில் அக்கா போன் செய்தார். மாற்று வீடு தயார். தை முதல் வெள்ளி காலையில் பால் காய்ச்சுகிறார்கள். பழைய தாழ்வாரத்து வரிசையிலேயே வீடுகளைக் கொடுத்திருப்பதால் அந்தச் சிக்னல்காரருக்கும் கோடியில் ஒன்று இருக்கிறது. “நீ கிள்ளான்தானே? அவருக்கு நேர்ல போய்ச் சொல்லிட்டு வாமா. போன் எடுக்க மாட்டேங்குறாங்க.”

ஞாயிறு மதியம் அக்கா கொடுத்த விலாசத்துக்குப் போனேன். கிள்ளானில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். தங்கை கதவைத் திறந்தார். உள்ளறையில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். ஆனிமாதத்திலேயே வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். வாசலுக்குத் தகரம் அடித்ததுகூட அவருக்குத் தெரியாது. “புரியுது, பேச்சுதான் இல்ல,” என்றார் தங்கை. தலைமாட்டில் ஒரு சிறிய மாதா சுரூபமும் பாதி எரிந்த மெழுகுவத்தியும் இருந்தன.

“தினமும் ஏத்துவீங்களா ஆன்டி?”

“வெள்ளிக்கிழம சாயங்காலம் மட்டும். அது அவர் வழக்கம். ஏத்தலனா தூங்க மாட்டார். வீட்டுக்குப் போகணும்னு கையக் காட்டுவார்.”

நான் கட்டிலருகே போய், மதியம் என்பதை மறந்து, “குட் ஈவ்னிங் அங்கிள்,” என்றேன்.

அவர் கண்கள் என்னிடம் திரும்பின. பதில் சொல்லப்போகிறவர்போல் மூச்சை இழுத்தார். அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை. தம்பி சொன்னது எனக்குள் திரும்பக் கேட்டது. செய்தியைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

தை முதல் வெள்ளி வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அக்கா பால் பொங்கவிட்டார். தம்பி புதுப் படிகளை இரண்டு தடவை ஏறி இறங்கி, மூன்றாம் தடவை யாரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கடைக்குக் கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, இன்னொரு பாத்திரத்தை எடுத்தார்.

“இது எதுக்கு ஆன்டி?”

“கோடி வீட்டுக்கு. அவரால வர முடியாதுன்னியே. யாராச்சும் காய்ச்சணும்ல?”

“அவர் வேதக்காரர்னீங்க.”

“பாலுக்கு என்னமா வேதம்?”

சிக்னல்காரரின் வெறும் வீட்டில், அடுப்பைத் தரையில் வைத்து, அக்கா பாலைப் பொங்கவிட்டார். கிள்ளானில் பார்த்த மெழுகுவத்தியைப் பற்றியும், தகரத்தின்முன் நடந்ததைப் பற்றியும் அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. தம்பியும் சொல்லியிருக்கவில்லை என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த மாதப் பதிவை இறக்கியபோது கோடி வீட்டுக் கோடு அதே வெள்ளியன்று, காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. பக்கத்தின் நடுவில், சட்டென்று. எழவில்லை, இறங்கவில்லை, கோடே இல்லை. விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, நான் அவரிடம் முதன்முதலில் கேட்ட கேள்விக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னார்.

அது சரியாகவும் இருக்கலாம். மாற்றப்படாத பேட்டரி அதுதான். கட்டடத்தை இடிக்குமுன் தகரத்தை அறுத்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். அண்ணன் பெட்டியை எடுத்துவந்து, மற்றப் பெட்டிகளோடு சேர்த்து, எல்லாப் பேட்டரிகளையும் கழற்றி ஒரே தொட்டியில் போட்டுவிட்டார். எதிலும் மின்னழுத்தம் அளக்கப்படவில்லை. அந்தப் பேட்டரி அன்று தீர்ந்திருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.